ஆறு பாஸ்போர்ட்டும் ஒரு தீவும்

சிங்கப்பூருக்கு நாங்கள் சொந்தக் காசில் போகவில்லை. பெயிண்ட் டப்பா விற்றுப் போனோம். கரையான்சாவடி மெயின் ரோட்டில் என் கணவர் பலராமனுக்கு ஹார்ட்வேர் கடை. பைப்பு, பூட்டு, ஆணி, பெயிண்ட் எல்லாம் உண்டு. வருஷத்துக்கு இத்தனை லிட்டர் விற்றுக் காட்டினால் கம்பெனிக்காரன் கடைக்காரர்களை வெளிநாட்டுக்கு டூர் அழைத்துப் போவான். போன முறை பாங்காக். அதற்கு மனைவிகளைக் கூப்பிடவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. இந்த முறை கம்பெனிக்கு என்ன ஞானோதயமோ, ‘தம்பதியாகச் சிங்கப்பூர், நான்கு நாள்’ என்று அறிவித்துவிட்டார்கள். என் கணவருக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை.

எனக்கு அந்த நான்கு நாளில் மூன்றாம் நாள் மட்டும்தான் வேண்டியிருந்தது. டூர் தாளில் ‘தீவு, கடற்கரைப் பூங்கா, நீச்சல் பகுதி’ என்று போட்டு ஒரு படமும் அச்சடித்திருந்தார்கள். கடலுக்குள் மிதவைகள் கட்டிய கயிறு. கயிற்றுக்கு உள்ளே, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், மரப்பலகை போட்ட ஒரு மிதக்கும் மேடை. அந்தப் படத்தைப் பார்த்ததுமே தீர்மானித்துவிட்டேன். அதுவரை நீந்திப் போக வேண்டும், ஏறி உட்கார வேண்டும், திரும்பி நீந்தி வர வேண்டும். அதை இவர் கரையில் நின்று பார்க்க வேண்டும்.

நாங்கள் இருப்பது அயனம்பாக்கத்தில், ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில். கீழே நீச்சல் குளம் உண்டு. குடிவந்து ஆறு வருஷம் அதை நான் பால்கனியிலிருந்துதான் பார்த்தேன். முழங்கால் வலி வந்து, டாக்டர் தண்ணீரில் நடக்கச் சொன்ன பிறகு இறங்கினேன். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கான நேரம். பூந்தமல்லியிலிருந்து ஷாகின் என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து சொல்லிக்கொடுப்பாள். மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மூடிய கறுப்பு நீச்சல் உடை அவளுடையது. எனக்கும் அதேபோல ஒன்று வாங்கித் தந்தாள்.

“தண்ணிய ஏன்க்கா அடிக்கிறீங்க, அது இன்னா பண்ணுச்சு உங்கள? மெதுவா தள்ளுங்க. அதுவே தூக்கும்” என்பாள்.

முதல் மாதம் நடந்தேன். மூன்றாம் மாதம் மிதந்தேன். ஒரு வருஷம் ஆனபோது, குளத்தை நீளவாக்கில் இருபது முறை நிற்காமல் கடந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

இதை இவரிடம் மறைக்கவில்லை. நாலு முறை சொன்னேன். முதல் முறை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை “அந்தத் தொட்டியிலயா?” என்றார். மூன்றாம் முறை “முட்டி வலி கொறைஞ்சா சரி” என்றார். நாலாம் முறை, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் பொதுவான நேரத்தில் கீழே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். கடைக்கு லோடு வருகிறது என்று போய்விட்டார்.

குளத்தில் நீந்தினேனே தவிர, கடலில் இறங்கியதில்லை. காரணம் பை. இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமில்லை, எந்த வீட்டிலும் பார்க்கலாம். குடும்பமாகத் தண்ணீருக்குப் போனால் ஒருத்தி கரையில் பைகளோடு உட்கார்ந்துவிடுவாள். செருப்பு, செல்போன், வாட்ச், மாற்றுத்துணி எல்லாம் அவள் பக்கத்தில். உட்கார் என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. “கொஞ்சம் பாத்துக்கோ” என்று ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டுப் போவார்கள். குவிந்த பிறகு அவள் எப்படி எழுந்திருப்பாள்? மெரினா, மாமல்லபுரம், குற்றாலம், கோவா, ராமேஸ்வரம் என்று எல்லா இடத்திலும் அந்த ஒருத்தி நான்தான். ராமேஸ்வரத்தில் எனக்குரிய புண்ணியத்தை ஒரு சொம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்தார்கள்.

கறுப்பு உடையைப் பெட்டியின் அடியில், பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் விமான நிலையத்தில் தமிழில் எழுதியிருந்த பலகையைப் பார்த்து எல்லோரும் படம் எடுத்தோம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலும் தமிழில்தான் எழுதியிருக்கிறது. அங்கே யாரும் எடுப்பதில்லை.

மொத்தம் நாற்பத்திரண்டு பேர். ஆறு ஆறு பேராகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவரைத் தலைவராகப் போட்டார் டூர் மேனேஜர். எங்கள் ஆறு பேருக்கு என் கணவர். மற்ற நால்வரில் ஒரு ஜோடி ஆவடியில் கடை வைத்திருக்கும் பாஸ்கரும் அவர் மனைவி கீதாவும். இன்னொரு ஜோடி பூந்தமல்லி ஜாபர் பாயும் மும்தாஜ் அக்காவும். தலைவர் ஆனதும் இவர் செய்த முதல் காரியம், ஆறு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பெயிண்ட் கம்பெனி கொடுத்த சிவப்புத் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுத்ததுதான்.

“ரூம்ல லாக்கர் இருக்கு சார், அதுலயே வெச்சிடுங்க. வெளிய தூக்கிட்டுச் சுத்த வேணாம்” என்றார் டூர் மேனேஜர்.

இவர் அறைக்குப் போய் அந்த லாக்கரை டார்ச் அடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கீல் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

“இத்த ஒரு ஸ்க்ரூடிரைவர் வெச்சி ரெண்டு நிமிட்ல தொறப்பேன். முப்பது வருசமா பூட்டு விக்கிறேன், எனக்கே பூட்டா?” என்றார். பை தோளிலேயே இருந்தது. சாப்பிடும்போது மடியில் இருந்தது. ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

சாப்பாடு மூன்று வேளையும் இந்திய ஓட்டலில் ஏற்பாடு. கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் பறந்து வந்தது அதே சாம்பாரைக் கொஞ்சம் சர்க்கரை தூக்கலாகச் சாப்பிடுவதற்கு. கடைக்காரர்களுக்கு அதில் பரம திருப்தி. “நம்மூரு டேஸ்ட்டு அப்டியே கீது மாமே” என்று பாஸ்கர் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். நம்மூர் டேஸ்ட்டு நம்மூரிலேயே கிடைக்கிறது என்று நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மும்தாஜ் அக்காவும் நானும் தப்பித்தோம். பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடைத்தொகுதியில், ஹலால் பலகை மாட்டிய ஒரு மலாய்க்காரர் கடையில், தேங்காய்ப்பால் ஊற்றிய காரமான நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். இறாலும் சோயாத் துண்டுகளும் மிதந்தன. மூக்கில் தண்ணீர் வந்தது. “தினம் இதே துன்னலாம் போலிருக்கே தேவி” என்று கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார் அக்கா. எங்களைத் தேடிக்கொண்டு வந்த இவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, “கலீஜா கீது, எப்படித் துன்றீங்க?” என்றார். இரண்டு பேரும் மீதியையும் குடித்து முடித்தோம்.

அன்று சாயங்காலம் ரயிலில் ஒரு கூத்து. பிளாட்பாரத்தில் பாஸ்கர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஏறிவிட்டோம். கதவு மூடிக்கொண்டது. கொரட்டூரில் மின்சார ரயில் என்றால் ஓடிவந்து தொற்றிக்கொள்ளலாம், உள்ளேயிருந்து நாலு கை நீளும். இங்கே கண்ணாடிக்கு வெளியே பாஸ்கர் வாயைத் திறந்தபடி பின்னால் போனார். கீதா அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் போன்கூட இந்த ஊரில் வேலை செய்யவில்லை.

இவர் பையைத் தட்டிக் காண்பித்தார். “ஏம்மா அழுவுற? அவன் பாஸ்போர்ட்டு நம்மகிட்டதானே கீது. எங்க போய்டுவான்?”

கீதா அழுகையை நிறுத்தி இவரையே பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவர்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அதே இடத்தில் நில்லுங்கள், அவரும் அடுத்த வண்டியில் வருவார், எல்லோருக்கும் நடப்பதுதான். அப்படியே நின்றோம். மூன்று நிமிஷத்தில் பாஸ்கர் வந்து இறங்கினார். ஒரு மணி நேரம் அதையே பேசிச் சிரித்தார்கள். கீதா மட்டும் அன்றைக்கு அப்புறம் இவரிடம் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தீவுக்குப் போனோம். பெரிய ஊரை ஒட்டி, ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தீவு என்று நான் மனதில் வைத்திருந்தது வேறு. இங்கே பஸ் வாசல் வரை போகிறது. நடைபாதைக்கு ஓடு பதித்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம் கடைக்கு முன்னால் கயிறு கட்டி வரிசை விட்டிருக்கிறார்கள். தென்னைமரங்கள்கூட ஒரே இடைவெளியில் நின்றன. கடற்கரை மணலே வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியதுதான் என்றார் டூர் மேனேஜர். கடைக்காரர்கள் குனிந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தார்கள். “பூச்சுக்கு ஆவாது நைனா” என்று தீர்ப்புச் சொன்னார் ஜாபர் பாய்.

கடல் மட்டும் யாரும் கொட்டியதில்லை. பச்சையாக, அலையே இல்லாமல் கிடந்தது. தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நகராமல் நின்றன. முன்னால் மிதவைக் கயிறு. கயிற்றுக்குள் அந்த மேடை. படத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்தது. எங்கள் குளத்தை மனதுக்குள் நீட்டி வைத்துப் பார்த்தேன். நாலு குளம் இருக்கும். நாலு குளம் எனக்குப் பெரிசில்லை.

குளியலறைக் கட்டடத்தின் ஓரம் வரிசையாகச் சாமான் பெட்டிகள் இருந்தன. பையை உள்ளே வைத்து நம்பர் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். அதைத்தான் நான் முதலில் தேடிப் பார்த்தேன். இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

கதவை ஒரு விரலால் சுண்டினார். “பிளாஸ்டிக்கு” என்றார்.

“இங்க எல்லாரும் இதுலதாங்க வெக்கிறாங்க.”

“எல்லாரும் ஆறு பேரு பாஸ்போர்ட்டையா வெக்கிறான்?”

“எனக்கும் தண்ணில இறங்கணுங்க. அந்த மேடை வரைக்கும் போய்ட்டு வரணும்.”

அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். “நா ஒரு முக்கு போட்டுட்டு தோ வந்துர்றேன். அப்பால நீ போய் காலு நனைச்சிக்க. அதுவரைக்கும் இத்தப் பாத்துக்கோ” என்று பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார்.

பாஸ்கர் செல்போனைக் கொடுத்தார். கீதா செருப்பையும் துப்பட்டாவையும் வைத்தாள். “நீங்கதான் தண்ணிக்கு வரமாட்டீங்களேக்கா” என்றாள். அவளை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, அவள் பார்த்தவரை பை வைத்திருந்தவள் நான்தான். ஜாபர் பாயும் மும்தாஜ் அக்காவும் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை, கேபிள் கார் ஏறப் போய்விட்டார்கள். அவர்கள் வாங்கிய பொம்மைப் பை என்னிடம் வந்தது. வேறு கூட்டத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர், முகம்கூடச் சரியாகத் தெரியாதவர்கள், வாட்சைக் கழற்றி நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக நீண்டது. என் கையின்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

பத்தரை மணிக்குப் போனவர் பதினொன்றரைக்கும் வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கடைக்காரர்கள் வட்டமாக நின்று பந்து விளையாடினார்கள். எங்கள் ஆட்களைத் தவிர அங்கே யாரும் கத்தவில்லை. இரண்டு முறை எழுந்து கையசைத்தேன். இரண்டு முறையும் இவர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். பன்னிரண்டரைக்குப் பஸ் கிளம்பும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மணி பன்னிரண்டை நெருங்கியது.

பக்கத்துப் பாயில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளைச் சுற்றியும் பைகள், துண்டுகள், இரண்டு ஜோடி சின்னச் செருப்புகள். வேலை செய்கிற வீட்டுக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் தண்ணீரில் இருந்தார்கள். நான் எழுந்து எழுந்து உட்கார்வதைக் கவனித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

“நீ நீந்துவாயா?” என்றாள்.

“நீந்துவேன்.”

“பின் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?”

பைகளைக் காட்டினேன். அவள் சிரித்தாள். “என் வேலையும் இதுதான். எனக்கு இதற்குச் சம்பளம் தருகிறார்கள். உனக்கு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. “போ. நான் எப்படியும் இங்கேதான் இருப்பேன். என் பைகளோடு உன் பைகளும் இருக்கட்டும்” என்றாள்.

ஆறு பாஸ்போர்ட். முன்பின் தெரியாத ஊர். பெயர் தெரியாத பெண். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள், எனக்கும் அந்தப் புத்தி ஒட்டியிருக்காதா? அவள் முகத்தை ஒரு முறை பார்த்தேன். பெயரைக் கேட்டேன். மாரிசெல் என்றாள். சிவப்புப் பையின் வாரை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

கைப்பையில் கொண்டுவந்திருந்த கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியபோது யாரும் பார்க்கவில்லை. பந்து விளையாட்டு கொஞ்சம் தள்ளி நடந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். மார்பளவு வந்ததும் காலை எடுத்துவிட்டேன். கடல் தூக்குகிறது. குளம் இப்படித் தூக்குவதில்லை. உப்புத் தண்ணீரில் உடம்பு லேசாகிவிடும் என்று ஷாகின் சொல்லியிருந்தாள், ஆனால் கேட்பது வேறு, படுத்துப் பார்ப்பது வேறு. அடியில் நீல ஓடு இல்லை, கோடு இல்லை, எந்தப் பக்கம் போகிறோம் என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. வாயில் உப்பு. பாதி வழியில் மூச்சு கொஞ்சம் முட்டியது. மல்லாந்து படுத்தேன். வானம் மட்டும் தெரிந்தது. கரைச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. அப்புறம் திரும்பி மீதித் தூரத்தையும் நீந்தினேன்.

ஏணியைப் பிடித்து மேடையில் ஏறி உட்கார்ந்தபோது நான் அழுதேன் என்பதை எழுதத்தான் வேண்டும். துக்கமில்லை. ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் நகர்ந்து இடம் விட்டார்கள். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை கடற்கரைக்குப் போயும், கரை அங்கிருந்து எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. கரையில் இருப்பவர்கள் எல்லாம் சின்னதாகத் தெரிந்தார்கள்.

அந்தச் சின்ன ஆட்களில் ஒருவர் சிவப்புப் பையோடு தண்ணீர் விளிம்புக்கு ஓடி வந்தார். இவர்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. பார்த்துவிட்டார். நான் இங்கே இருப்பதைப் பார்த்துவிட்டார். எழுந்து நின்று நானும் இரண்டு கைகளையும் தூக்கி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் ஆட்டினேன். இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்று தண்ணீரில் இறங்கினேன். ஷாகின் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக, கை நீட்டி, முகம் திருப்பி மூச்செடுத்து நீந்தினேன். என் வாழ்க்கையில் நான் அதைவிட நன்றாக நீந்தியதில்லை.

பத்து வீச்சு போயிருப்பேன். விசில் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினால், நீளமான பலகையில் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு ஒரு உயிர்காப்பாளர் நேராக என்னிடம் வந்துகொண்டிருந்தார்.

“பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. பயப்படாதீர்கள்” என்றார்.

“எனக்கு நீச்சல் தெரியும்.”

“உங்கள் கணவர் தெரியாது என்கிறார். நீங்களும் கையை ஆட்டிக் கூப்பிட்டீர்கள். தயவுசெய்து பிடியுங்கள், இது விதி.”

நான் நீந்தித்தான் வந்தேன், திரும்பவும் நீந்திப் போவேன் என்று தண்ணீரில் மிதந்தபடியே அவரிடம் வாதாடினேன். மரியாதையான பிள்ளை. மூன்றாம் முறையும் பிடியுங்கள் என்றுதான் சொன்னார். பிடித்தேன். எங்கள் கூட்டமே கரையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்க, பலகையில் தொங்கிக்கொண்டு நான் கரைக்கு இழுத்துவரப்பட்டேன்.

இவர் முழங்கால் தண்ணீர் வரை வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். “இன்னா காரியம் பண்ணே? உயிரோட வெளாட்றியா? யாரோ ஒருத்தி கழுத்துல பாஸ்போர்ட்டு பைய மாட்டிட்டு, இன்னா தைரியம் உனக்கு?”

“நான் நீந்தினதப் பாக்கலியா நீங்க?”

“பாத்தேனே. கைய காலை ஒதறிக்கினு முங்கி முங்கி எழுந்ததப் பாத்தேன். ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.”

மூச்செடுக்க முகத்தைத் திருப்பியதைத்தான் சொல்கிறார். பாஸ்கர் வந்து இவர் தோளைத் தட்டி, “கரெக்டா பாத்தே மாமே, இல்லேன்னா இன்னா ஆயிருக்கும்” என்றார். கீதா துண்டைப் போர்த்தினாள். அதிர்ச்சியில் இருக்கிறேன் என்று நினைத்து யாரோ சர்க்கரை போட்ட டீ கொண்டுவந்தார்கள். மாரிசெலுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவள் வீட்டுக்காரர்கள் கரையேறிவிட்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, மேடையைக் கண்ணால் காட்டி, தலையை மெல்ல ஆட்டினாள். அந்தக் கரையில் நான் நீந்தியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நாலாம் நாள் கடைத்தெருவும் விமான நிலையமும். சாக்லேட், தைலம், குட்டி சிங்க பொம்மை. என் மனம் எதிலும் இல்லை. விமானம் ஏறுமுன்பே வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்துவிட்டது. நான் பலகையில் தொங்கிக்கொண்டு வருவதும், இவர் ஓடிவந்து கை கொடுப்பதும். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ‘பலராமன் அண்ணாத்தே மாஸ்’ என்று ஒருவர் போட்டிருந்தார். நான் நீந்திப் போனதை ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அப்போது எதுவும் நடக்கவில்லை, ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

வந்ததிலிருந்து இவர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னார். குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் வீடியோவைக் காட்டினார். அவர் மறுநாளே ஷாகினைக் கூப்பிட்டு, “அந்த அம்மாவ ஆழமான பக்கம் உடாதீங்க” என்று சொல்லிவிட்டார். ஷாகின் சண்டை போட்டாள். “சார், அவங்க என்னவிட நல்லா நீந்துவாங்க” என்றாள். வீடியோ இருக்கிறதே என்றார் செயலாளர். இப்போது இடுப்பளவுத் தண்ணீரில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஆறு வயதுப் பிள்ளைகளோடு நிற்கிறேன். ஆழமான பக்கம் போக வேண்டுமானால் கணவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம்.

அந்தக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டுதான் போன வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு கடைக்குப் போனேன். பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, பைப்பு வாங்க வந்த ஒருவரிடம் இவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ முறை கேட்டுவிட்ட கதை. ஆனால் வந்தவர் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“அந்தப் பாஸ்போர்ட்டு பை இன்னா ஆச்சுண்ணே?”

“அத்த வுடுவனா? கரைக்கு வந்து பாக்குறேன், இவளக் காணோம். பை எவளோ ஒருத்தி கழுத்துல கீது. புடுங்கி, ஜிப்பத் தொறந்து, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டேன். ஆறும் கீது. இன்னொரு தபா எண்ணுனேன். ஆறு. அப்பாலதான் இவ எங்கேன்னு கேட்டேன்.”

“அதானே. ஃபாரின்ல பாஸ்போர்ட்டு போச்சுன்னா பேஜாராயிடும்” என்றார் வந்தவர்.

கடிதம் கையில்தான் இருந்தது. அதை மடித்துக் கூடைக்குள் வைத்தேன்.

“அப்ப நான் ஏழாவதா?” என்று கேட்டேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

“ஏழாவது ஏது? நம்ம குரூப்புல போனதே ஆறு பேருதானே” என்றார், வந்தவருக்குப் பைப்பை அளந்துகொண்டே.